அமானிதம் – 14: கூஃபாவில் ஒரு ஜவுளிக் கடை

கதீஜா நாயகியின் முதலோடு நபிகள் நாயகம் (ஸல்) ஷாம் தேசம் போய்வந்ததையும், லாபத்தைப் பங்கு பிரிக்கும் முளாரபா கணக்கையும் போன வாரமே பார்த்து முடித்துவிட்டோம். இந்த வாரம் மசூரா, அதாவது கலந்து பேசி முடிவெடுக்கும் தலைமை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் போகும் வழியில் ஒரு கடை இருக்கிறது. அதற்குள் நுழையாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

இராக்கின் கூஃபா நகரத்தில், அம்ரு இப்னு ஹுரைஸ் என்பவரின் மனை என்று அறியப்பட்ட இடத்தில் இருந்தது அந்தக் கடை. விற்ற சரக்கு ‘கஸ்’ என்ற துணி. பட்டும் கம்பளி இழையும் கலந்தது. கடைக்காரர் பெயர் நுஃமான் இப்னு ஸாபித். உலகம் அவரை இமாம் அபூ ஹனீஃபா என்று அறியும். ஹனஃபி மத்ஹபின் நிறுவனர். வாணியம்பாடியிலும் மேல்விசாரத்திலும் தொழுகை முதல் சொத்துப் பாகம் வரை எந்தச் சட்ட மரபின்படி நடக்கிறதோ, அதன் தலைவாசல் இவர்தான். 699இல் பிறந்து 767இல் இறந்தார். அவருடைய தாத்தா காபூலிலிருந்து வந்தவர் என்று சொல்வார்கள். குடும்பத்துக்கே ஜவுளிதான் தொழில்.

இளைஞராக இருந்தபோது ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தவரை அன்றைய பேரறிஞர் ஷஅபி வழிமறித்தார். யாரிடம் போகிறாய் என்று கேட்டார். கடைக்கு என்றார் நுஃமான். நான் கேட்டது கடையை அல்ல, எந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஓதுகிறாய் என்பதை என்றார் ஷஅபி. அந்தக் கேள்வி அவரைக் கல்வியின் பக்கம் திருப்பியது. ஹம்மாத் என்ற ஆசிரியரிடம் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். பலர் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், அவர் வணிகத்தை விட்டு அறிவுக்கு வந்துவிட்டார் என்பதுபோல. உண்மையில் அவர் கடையை மூடவே இல்லை. கூட்டாளிகளை வைத்துத் தொடர்ந்து நடத்தினார். இந்தத் தொடருக்கு அவர் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான். சட்டம் சொல்பவரும் அவரே, அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்று வியாபாரம் செய்பவரும் அவரே.

கூட்டாளிகளில் ஒருவர் ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான். ஒரு தடவை அவருக்குச் சரக்கு அனுப்பிய இமாம், இந்தக் கட்டில் உள்ள துணி ஒன்றில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் குறையைக் காட்டிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஹஃப்ஸ் எல்லாவற்றையும் விற்றார். குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் நினைவில்லை. செய்தி தெரிந்ததும் அபூ ஹனீஃபா அந்தச் சரக்கின் விலை முழுவதையும் ஸதகாவாக, அதாவது தர்மமாகக் கொடுத்துவிட்டார். பதினொன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் வரலாற்றை எழுதிய கதீப் அல்பக்தாதியின் நூலில் இந்தச் செய்தி இருக்கிறது.

பள்ளிவாசல் பயான்களில் அடிக்கடி கேட்கும் செய்திதான் இது. இமாமின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். இந்த வாரம் இதை அவருடைய சட்டத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குத் தூக்கமே போய்விட்டது.

குறையுள்ள பொருளைப் பற்றி இஸ்லாமியச் சட்டம் நிறையப் பேசுகிறது. நபிகள் நாயகம் தானியக் குவியல் ஒன்றுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியிலிருந்து இது தொடங்குகிறது. வாங்கிய பொருளில் பழைய குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதில் எல்லா மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. பிரச்சினை இனிமேல்தான். “எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை” என்று சொல்லியே ஒருவர் விற்றால்? நம் ஊர்க் கடைகளின் பில்லில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருக்கிறதே, கிட்டத்தட்ட அதே நிபந்தனை.

கூஃபாவின் காஜி, அதாவது நீதிபதி, இப்னு அபீ லைலா இந்த நிபந்தனையை ஏற்கவில்லை. விற்பவர் குறையை இன்னதென்று காட்டியாக வேண்டும் என்றார். அபூ ஹனீஃபா அவருக்கு நேர் எதிராக நின்றார். அப்படி ஒரு நிபந்தனை செல்லும். குறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாங்கியவர் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு திருப்பித் தர முடியாது என்றார். ஹனஃபி நூல்கள் இதற்குச் சொல்லும் காரணம் நுட்பமானது. வாங்குபவர் இங்கே தமக்குள்ள ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுப்பதில் சரியான விவரம் தெரியாமல் இருந்தாலும் அதிலிருந்து வழக்கு முளைக்காது. ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வளவு தாராளம் இல்லை. ஆகவே ஷாஃபிஈ வழியில் நடக்கும் காயல்பட்டினத்திலும் ஹனஃபி வழியில் நடக்கும் வாணியம்பாடியிலும் இதே கேள்வியை மார்க்க அறிஞர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குறைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றுவிடலாம், அது சட்டப்படி செல்லும் என்று ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர் இமாம். தம் சொந்தக் கடையில் அந்தச் சலுகையை அவர் பயன்படுத்தவில்லை. ஹஃப்ஸிடம், குறைக்குப் பொறுப்பில்லை என்று பொதுவாகச் சொல்லி விற்றுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பிறகு யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர் காட்டச் சொன்னார். அது தவறிப்போனதும், நட்டத்தை வாங்கியவர் தலையிலும் விடவில்லை, மறந்துபோன கூட்டாளியின் தலையிலும் கட்டவில்லை.

தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் அவருக்கும் இரண்டாவது கருத்து இல்லை, அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் காஜியின் முன்னால் செல்லுபடியாகும் எல்லை ஒன்று, அல்லாஹ்வின் முன்னால் நிற்கும்போது மனம் ஒப்பும் எல்லை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பேணுதல் இருக்கிறது. இஸ்லாமிய ஆன்மிகம் வணிகத் தலைமைக்கு என்ன தருகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இடைவெளியைத்தான் காட்டுவேன். பிறருக்கு அகலமான வழியைத் திறந்துவிட்டுத் தான் குறுகலான வழியில் நடப்பவரைத் தொழிலாளிகள் நம்புகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்து, ஊழியர்களுக்குக் கடுமையும் தனக்குச் சலுகையும் வைத்துக்கொள்ளும் முதலாளி எத்தனை தொழுதாலும், எத்தனை உம்ரா போய்வந்தாலும், அவர் கடையில் அந்தத் தொழுகை தெரிவதில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்ற இதழைப் படித்த ஒருவர், இதெல்லாம் போட்டி இல்லாத காலத்துக் கதை என்றார். கூஃபா கேரவன் பாதைகளும் யூப்ரடீஸ் நதிப் படகுகளும் சந்தித்த நகரம், போட்டிக்குக் குறைவில்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள். திருப்பூரில் ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்களை ‘செகண்ட்ஸ்’ என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்கிறார்கள். வாங்குபவர் தையல் பிசகைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்குகிறார். குறையைச் சொல்வதாலேயே ஒரு சந்தை ஓடுகிறது.

அபூ ஹனீஃபாவின் விலைக் கணக்குகளும் இதே குணம் கொண்டவை. ஒரு பெண் பட்டாடை ஒன்றை அவரிடம் விற்க வந்தார். என்ன விலை என்றார் இமாம். நூறு திர்ஹம் என்றார் அந்தப் பெண். இது அதைவிடப் பெறும் என்றார் இவர். அவர் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தார். அதைவிடவும் பெறும் என்று இமாம் சொன்னதும், என்னைக் கேலி செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். விலை மதிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார் இமாம். ஆள் வந்து மதிப்பிட்டார். ஐந்நூறு திர்ஹம் கொடுத்து ஆடையை வாங்கிக்கொண்டார். வாங்கும் இடத்தில் இருப்பவர் எதிராளியின் அறியாமையை லாபமாக எண்ணாமல் இருப்பது விற்பதில் நேர்மையாக இருப்பதைவிடக் கடினம். கொள்முதல் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு நாள் வயதான பெண் ஒருவர் கடைக்கு வந்தார். நான் பலவீனமானவள், இது உங்களிடம் அமானிதம், உங்களுக்கு என்ன அடக்கமோ அதே விலைக்கு இந்தத் துணியைத் தாருங்கள் என்று கேட்டார். நாலு திர்ஹம் கொடுங்கள் என்றார் இமாம். கிழவியைக் கிண்டல் செய்யாதீர்கள் என்று வருத்தப்பட்டார் அந்த அம்மா. இமாம் கணக்கைச் சொன்னார்: சேர்த்து வாங்கியது இரண்டு துணி, ஒன்றை விற்றதில் மொத்த முதலில் நாலு திர்ஹம் தவிர மற்றதெல்லாம் திரும்பிவிட்டது, மிச்சமிருக்கும் இதற்கு அடக்கம் நாலு திர்ஹம்தான். வேறு எந்தக் கணக்குப்பிள்ளையும் மொத்த விலையை இரண்டாகப் பிரித்து அந்தத் துணிக்கு அடக்கம் எழுதியிருப்பார். அதிலும் தவறில்லை. அமானிதம் என்று ஒரு சொல் காதில் விழுந்ததும் இமாம் கேட்டவருக்குச் சாதகமான கணக்கைத் தேர்ந்துகொண்டார்.

இனி மசூராவுக்கு வருகிறேன். இமாமும் மாணவர்களும் கருத்து வேறுபட்ட ஒரு கணக்கு வழியாகவே அங்கே போகலாம். இந்த அம்மா கேட்ட வியாபாரத்துக்குச் சட்டத்தில் தவ்லியா என்று பெயர்: அடக்க விலைக்கே விற்பது. அடக்கத்தைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு லாபம் என்று வெளிப்படையாக வைத்து விற்றால் அது முராபஹா. இன்றைய இஸ்லாமிய வங்கிகளின் நிதி வழங்கலில் பெரும்பகுதி இந்த முராபஹாவின் மேல்தான் நிற்கிறது. இரண்டுக்கும் உயிர், விற்பவர் சொல்லும் அடக்க விலை உண்மையாக இருப்பது. அவர் பொய் சொல்லியிருந்தால்?

தொண்ணூறு திர்ஹம் அடக்கமான துணியை நூறு என்று சொல்லி, பத்து லாபம் வைத்து நூற்றுப் பத்துக்கு ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மை பிறகு வெளியாகிறது. பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கட்டும் என்கிறார் அபூ ஹனீஃபா. அவருடைய மாணவர் அபூ யூஸுஃப் இதை ஏற்கவில்லை. பொய்யாக ஏற்றிய பத்தையும் அதற்குரிய லாபம் ஒன்றையும் கழித்துத் தொண்ணூற்றொன்பதுதான் வாங்க வேண்டும் என்கிறார். இளைய மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானி ஆசிரியரின் பக்கம். அடுத்து தவ்லியா: அதே பொய்யைச் சொல்லி லாபமே இல்லை என்று நூறுக்கு விற்றிருந்தால்? இங்கே பத்தைக் கழித்துவிட வேண்டும் என்கிறார் அபூ ஹனீஃபா. லாபம் வைத்த பிறகு அதை அடக்க விலை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. இப்போது அபூ யூஸுஃப் ஆசிரியரோடு சேர்கிறார், முஹம்மத் விலகி நிற்கிறார். வைத்துக்கொள் அல்லது திருப்பிக் கொடு என்ற அதே தீர்ப்புத்தான் இங்கும் என்கிறார்.

இந்த மூன்று கருத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றை இன்னொன்று விழுங்காமல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ஹிதாயாவில் இருக்கின்றன. நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் நூல். 1791இல் சார்லஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களும் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லின. ஆசிரியரின் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர்களின் மறுப்பைத் தூக்கி எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எறியவில்லை. பல இடங்களில் ஹனஃபி மத்ஹபு தீர்ப்புக்கு எடுத்துக்கொண்டதும் மாணவர்களின் கருத்தைத்தான், இமாமின் கருத்தை அல்ல. தன் பெயரால் அழைக்கப்படும் நிறுவனத்தில் தன்னை மறுத்த குரல்கள் ஏட்டில் ஏறட்டும் என்று விட்ட தலைவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்த அபூ யூஸுஃப் ஏழை வீட்டுப் பையன். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்காமல் இமாமின் சபையில் உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டார் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். சில நாள் காணாமல் இமாம் விசாரித்தார். பையன் திரும்பி வந்ததும், கூட்டம் கலைந்த பிறகு ஒரு பண முடிப்பைக் கையில் வைத்தார். அதில் நூறு திர்ஹம் இருந்தது. தீர்ந்தால் சொல் என்றார். தீர்ந்துவிட்டது என்று தான் ஒருமுறைகூடச் சொல்ல நேர்ந்ததில்லை, அதற்கு முன்பே அடுத்த முடிப்பு வந்துவிடும் என்று பிற்காலத்தில் அபூ யூஸுஃப் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணம் கடை லாபம். ஆண்டு முழுவதும் சேர்ந்த லாபத்தில் ஆலிம்களுக்கு உணவும் உடையும் வாங்கிக் கொடுப்பது இமாமின் வழக்கம். கலீஃபா மன்சூர் காஜிப் பதவியை நீட்டியபோது வேண்டாம் என்று மறுக்க முடிந்ததும் இந்தக் கடை இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை சிறை. பக்தாத் சிறையிலேயே இறந்தார் என்பதே பெரும்பாலோர் சொல்லும் செய்தி.

அவர் மறுத்த நீதித் துறையில், ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், தலைமைக் காஜியாக அமர்ந்தவர் அதே அபூ யூஸுஃப். வரி வசூலில் ஆட்சியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கலீஃபாவுக்கே ஒரு நூல் எழுதினார், கிதாபுல் கராஜ். இமாமின் சபையில் ஒரு கேள்வி எப்படி விவாதத்துக்கு வரும், எவ்வளவு நாள் இழுக்கும், எப்போது ஏட்டில் எழுதச் சொல்வார் என்பதற்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் அந்தச் சபையிலேயே தொடங்கிவிடுகிறேன்.

(தொடரும்)