அடுப்புக்குள்ளே காணாமல் போன துண்டுகள்



1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கிய எங்கள் சின்னம்மா குடும்பம், மட்டக்களப்பு நாவற்குடாப் பக்கம் போய்க் குடியேறியது. அவர் வீட்டுக் குசினியில் ஒரு பழைய இரும்பு அடுப்பு உண்டு. நிலக்கரி போட்டு எரிக்கச் செய்தது. நம்முடைய துரை பங்களாக்களில் 'டோவர் அடுப்பு' என்று சொல்வோமே, அந்த மாதிரி. 2022இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த அதைத் துடைத்து எடுத்து, சிரட்டைக்கரி போட்டு எரிக்கத் தொடங்கினார்.

"என்னடா தம்பி, எவ்வளவு கரி போட்டாலும் சோறு வேக மாட்டேங்குது. பொகைதான் வருது" என்றார். குனிந்து பார்த்தேன். நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கம்பித்தட்டே இல்லை. பக்கத்துச் செங்கல்லில் பாதியைக் காணோம். கரி, சாம்பல் மேல் படுத்துக் கிடந்தது.

லயத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் இப்படிப்பட்ட அடுப்பு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது?

கம்பித்தட்டு நெருப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. ஸ்டோரில் 'பயர் பார்' என்பார்களே, அதே வேலைதான். காற்று கீழிருந்து ஏறுகிறது, சாம்பல் கீழே விழுகிறது. விறகு சாம்பல் மேலேயே ஓரளவு எரியும். கரி அப்படியல்ல. அதற்குக் கீழ்க்காற்று கட்டாயம் வேண்டும். காற்று போதாத கரி அரைகுறையாக எரிந்து விஷவாயுவைக் கக்கும்.

பக்கத்து நெருப்புக்கல் சூட்டை உள்ளே வைத்திருக்கிறது, வெளி இரும்பையும் காப்பாற்றுகிறது. கல் இல்லாவிட்டால் இரும்பு சிவந்து, கோணி, வெடித்துவிடும்.

சாம்பல் கதவு காற்றைக் கூட்டும், குறைக்கும். புகைக்குழாயில் இருக்கும் தகடு புகை போகிற வேகத்தை அடக்கும். கங்கு இருக்கும்வரை அந்தத் தகட்டை முழுவதும் மூடக் கூடாது.

கம்பித்தட்டை எப்படி மாற்றுவது?

அடுப்பு நன்றாக ஆறிய பிறகு உள்ளே கை விட்டுப் பாருங்கள். தட்டு உட்காரும் விளிம்பு இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு காட்போட் மட்டையை அந்த அளவுக்கு வெட்டி, உள்ளே வைத்துச் சரிபாருங்கள். இரும்பு சூட்டில் நீளும். 30 சென்ரிமீற்றர் கம்பி, அடுப்புச் சூட்டில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீண்டுவிடும். ஆகவே தட்டு, இருக்கும் இடத்தை விட மொத்தம் 3 மில்லிமீற்றராவது சின்னதாக இருக்கட்டும். இறுக்கி அடித்தால் அடுப்பின் சுவர்தான் வெடிக்கும்.

வார்ப்பிரும்பில் செய்வதுதான் உத்தமம். உடைந்த பழைய துண்டு கையில் இருந்தால், இரும்பு வார்க்கும் பட்டறையில் அதையே அச்சாகக் கொடுக்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கமே நமக்கு வேண்டிய இடைவெளியாக அமைந்துவிடும்.

அதற்கு வசதி இல்லாவிட்டால், 12 மில்லிமீற்றர் இரும்புக் கம்பிகளை வெட்டி, விரல் அகல இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக வரிசையாக அடுக்குங்கள். இரண்டு முனையையும் ஒட்ட வேண்டாம். கம்பி நீள இடம் வேண்டும். இது நாளடைவில் செதில் செதிலாக உதிர்ந்து வளையும். அப்போது வேறு கம்பி போட வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர்க் குழாய்த் துண்டு, கூரைத் தகடு போன்ற நாகம் பூசிய எதையும் நெருப்பில் வைக்காதீர்கள். சின்னம்மா வீட்டில் முதலில் குழாய்த் துண்டுகளைத்தான் வைத்தார்கள். அன்றிரவு சித்தப்பாவுக்குக் குளிரும் காய்ச்சலும். நாகப் புகையைச் சுவாசித்தால் அப்படி வரும்.

பக்கத்துக் கல்

நெருப்புக்கல் கிடைத்தால் நல்லது. ஸ்டோர் அடுப்பைப் பிரித்துக் கட்டும்போது கழித்த கற்கள் இருக்கும். கேட்டு, அனுமதி வாங்கி எடுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த செங்கல்லை உரசி அளவாக்குங்கள். ஆற்றுக்கல் வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும்.

பூச்சுக்குச் சாதாரண சீமெந்து தாங்காது, உதிர்ந்துவிடும். அரித்த புற்றுமண் ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு சேர்த்துப் பிசையுங்கள். வாவிக்கரை மணலில் உப்பு இருக்கும், இரும்பைத் தின்னும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். சில நாள் நிழலில் காயவிட்டு, முதலில் சின்ன நெருப்பு, பிறகு கொஞ்சம் பெரிய நெருப்பு என்று பழக்குங்கள்.

பழைய அடுப்புக் கதவோரத்தில் வெள்ளைக் கயிறு மாதிரி ஏதாவது இருந்தால் சுரண்ட வேண்டாம். அது அஸ்பெஸ்டோஸாக இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

உயிரைப் பறிக்கும் வாயு

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. கரிநெருப்பிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையில் குளிருக்குப் பயந்து, கதவை அடைத்துக்கொண்டு கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துத் தூங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அடுப்பைச் சரிசெய்தாலும் இந்த ஆபத்து போகாது. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, தூக்கக் கலக்கம் வீட்டில் பலருக்கு ஒன்றாக வந்தால் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

புதிதாகச் செய்வதானால்

இரும்பு அடுப்பு இல்லாதவர்கள் 'அனகி' களிமண் அடுப்பைப் பார்க்கலாம். 1980களில் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட இரட்டைப் பானை அடுப்பு இது. ஒரே நெருப்பில் சோறும் கறியும் வேகும். மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகப் போதும், கவ்வாத்து மிலாறும் நன்றாக எரியும். சுற்றிலும் மண் பூசி வைத்தால் கூடுதல் காலம் உழைக்கும். புகை போக்கி இதில் இல்லை, ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

போன மாதம் நாவற்குடாவுக்குப் போயிருந்தேன். புதுத் தட்டு, புதுக் கல். "இப்ப பாதிக் கரிதான் போகுது, சோறும் வெந்துருது" என்றார் சின்னம்மா. குசினி ஜன்னல் இரண்டும் திறந்தே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.