எலும்புக்கு ஒட்டும் துணுக்கு: வைரஸ் கூட்டத்தில் ஒரு தேடல்

கைகால் முறிந்து தகடு வைத்தவர்களை மட்டக்களப்பில் தேடி அலைய வேண்டியதில்லை. போர்க்காலக் காயம், மோட்டார் சைக்கிள் விபத்து என்று வாவியின் இரு பக்கங்களான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உடம்புக்குள் உலோகத்தோடு நடமாடுவோர் பலர். தகடு முறிவைப் பிடித்து வைத்திருக்கும். மிச்ச வேலையை எலும்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் எலும்பில் ஒரு துண்டே இல்லாமல் போய்விட்டால் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சாரம் வேண்டும். எலும்பு உண்டாக்கும் கலங்கள் வந்து அதில் ஒட்டிப் பெருக வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். எந்தக் கலம் முதலில் வந்து ஒட்டும் என்பதை மருத்துவரால் தீர்மானிக்க முடிவதில்லை. நார் இழையக் கலங்கள் முந்திக்கொண்டால் எலும்பு வளர வேண்டிய இடத்தில் தழும்பு வளரும்.

1984 இல் பியர்ஷ்பாகர், ருவோஸ்லாட்டி என்ற இரு ஆய்வாளர்கள், கலங்கள் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தில் வெறும் 3 அமினோ அமிலங்களின் தொடரே பிடிமானத்தைத் தருகிறது என்று கண்டார்கள். அதை உயிர்மப் பொருட்களில் பூசும் முயற்சிகள் தொடங்கின. பலனும் இருந்தது. ஆனால் அந்தத் தொடரில் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் ஒட்டும். வேண்டிய கலத்தை மட்டும் அழைக்க வேறொரு துணுக்கு தேவைப்பட்டது. அதை யாராலும் காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதிவிட முடியவில்லை.

வழி வந்தது வைரஸிடமிருந்து. பேஜ் என்பது பக்டீரியாவை மட்டும் தொற்றும் வைரஸ். நம் கலங்களை அது தொற்றாது. கல்லடிப் பாலத்தடியில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளினால் அதிலும் இருக்கும். கடல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1 கோடி வைரஸ்கள் உண்டு, பெரும்பாலானவை பேஜ்களே. ஆய்வுகூடங்களில் அதிகம் புழங்கும் எம்13 என்ற பேஜ் ஜேர்மனியின் மியூனிக் நகரக் கழிவுநீரில் கிடைத்தது. நீளம் 900 நனோமீற்றர், தடிப்பு 7 நனோமீற்றருக்கும் குறைவு. அதன் ஒரு முனையில் ஒரே புரதத்தின் 5 பிரதிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

1985 இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்மித், இந்த இனப் பேஜ் ஒன்றின் முனைப் புரத மரபணுவுக்குள் அந்நிய மரபணுத் துண்டு ஒன்றைச் செருகினார். அந்தத் துண்டு சொன்ன பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி, பேஜின் முனையில் வெளியே தெரிந்தது. வெளியே இருப்பது பெப்டைடு, உள்ளே இருப்பது அதை எழுதிய மரபணு. இரண்டும் ஒரே உடம்பில். முறையின் உயிர்நாடி இதுதான். 2018 இல் ஸ்மித்துக்கும் கிரெகரி வின்டருக்கும் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு.

செய்முறை சுளகில் புடைப்பதுதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு பெப்டைடைத் தாங்கிய 100 கோடி வகைப் பேஜ்களை ஒரு பொருளின் மேல் ஊற்றுகிறார்கள். சோப்புத்தன்மையுள்ள கரைசலால் கழுவுகிறார்கள். பிடிக்காதவை போய்விடும். பிடித்து நின்றவற்றை அமிலக் கரைசலால் கழற்றி, ஈ.கோலி பக்டீரியாவில் பெருக்கி, மறுபடி அதே பொருளின் மேல் ஊற்றுகிறார்கள். மூன்று, நான்கு சுற்றில் மிஞ்சுபவற்றின் மரபணுவை வாசித்தால் ஒட்டும் பெப்டைடு எது என்று தெரிந்துவிடும். யாரும் வடிவமைக்கவில்லை, பொருளே தெரிவு செய்துவிட்டது. 2000 ஆம் ஆண்டில் ஆஞ்செலா பெல்ச்சர் குழு குறைகடத்திகளுக்கும், 2003 இல் ஜப்பானில் சானோவும் ஷீபாவும் டைட்டேனியத்துக்கும் இப்படிப் பெப்டைடுகளைக் கண்டெடுத்தார்கள்.

எலும்பு விடயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோன் குழுவின் வேலை. எலும்பின் கனிமத்தைப் பற்றும் 12 அமினோ அமிலப் பெப்டைடு ஒன்றை அவர்கள் பேஜ் மூலம் தேடி எடுத்தார்கள். எலும்பு மச்சையின் கலங்களைப் பற்றும் இன்னொரு 12 அமினோ அமிலப் பெப்டைடும் அதே வழியில் கிடைத்தது. பிறகு இரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோத்தார்கள். ஒரு முனை கனிமத்தில், மறு முனை கலத்தில். 2017 இல் ஹர்ஷா ராமராஜுவும் கோனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இந்த இரட்டைப் பெப்டைடு பூசிய பரப்பில் மச்சைக் கலங்கள் கூடுதலாகவும் தெரிந்தெடுத்தும் ஒட்டின. 2019 இல், இதே பெப்டைடைத் தண்டுக்கலங்களோடு சேர்த்துச் சுண்டெலிகளில் வைத்தபோது எலும்பும் இரத்தக் குழாய்களும் அதிகம் உருவாகின. சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதை நீண்டது. அதை மறந்து நம்பிக்கை ஊட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

முறைக்குள்ளும் பொறி உண்டு. சில பேஜ்கள் இலக்கை விட்டுவிட்டு, அது வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். 7 அமினோ அமிலமுள்ள ஒரு பெப்டைடு, சம்பந்தமே இல்லாத பல தேடல்களில் வெற்றியாளராக வந்துகொண்டிருந்தது. 2008 இல் குட்டு உடைந்தது: மரபணு மாற்றம் ஒன்றினால் அந்தப் பேஜ் மற்றவற்றை விட வேகமாகப் பெருகியது, அவ்வளவுதான். ஆகவே இலக்கில்லாத வெறும் தட்டிலும் ஒரு சோதனை ஓட்டுவது கட்டாயம்.

இது நம் வாவிக் கரைக்கும் எட்டக்கூடிய விஞ்ஞானம். பேஜ் தொகுப்பு விலைக்குக் கிடைக்கிறது. பக்டீரியா வளர்க்கும் வசதியும் மரபணுவை வாசிக்க அனுப்ப ஓரிடமும் இருந்தால் தொடங்கலாம். இலக்கும் காலடியில் கிடக்கிறது. இறால், நண்டு ஓட்டை அமிலத்தில் இட்டுச் சுண்ணத்தையும், காரத்தில் இட்டுப் புரதத்தையும் நீக்கினால் கைட்டின். அதைச் செறிந்த சூடான காரத்தில் வைத்தால் கைட்டோசான். இரத்தத்தை உறையச் செய்யும் கைட்டோசான் கட்டு ஒன்றுக்கு அமெரிக்காவில் 2002 இலேயே அனுமதி கிடைத்துப் போர்க்களத்தில் பயன்பட்டது. அந்தப் பொருளுக்கு வேண்டிய கலத்தை மட்டும் அழைக்கும் பிடிமானம் இயல்பாக இல்லை. கலத்தைப் பற்றும் பெப்டைடோடு கோப்பதற்காகக் கைட்டோசானைப் பற்றும் பெப்டைடைத் தேடுவது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி. ஆனால் அவர் முதலில் ஓடுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கைட்டோசான் எடுக்கப் பழக வேண்டும். காரத்தின் செறிவும் வெப்பமும் நேரமும் மாறினால் பரப்பின் மின்னேற்றம் மாறும். இன்றைய கைட்டோசானில் பிடித்த பேஜ் அடுத்த வாரத்துக் கைட்டோசானில் பிடிக்காமல் போகலாம்.