மூன்று முளைக்குச்சி

டீக்கடை பெஞ்சில் தம்பி விரித்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. நாற்பது அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கச் சுருக்கம். பாத்திரங்களின் நட்சத்திரம், ராசிகூடக் குறித்திருக்கிறான். நாவலின் முதல் வரியை மட்டும் எழுதவில்லை. ஒன்றரை வருஷமாகத் திட்டம்தான் போடுகிறானாம்.

"மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணுக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்: "இதுல எதெல்லாம் நகரக் கூடாது?"

விழித்தான். வீடு கட்டுகிற மேஸ்திரி முதலில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவார். ஜன்னலை அப்புறம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். முளையைப் பிடுங்கினால் வீடே கோணிக்கொள்ளும். நாவலுக்கு அப்படி மூன்று முளை இருந்தால் எழுத உட்காரலாம். நாற்பது அத்தியாயமும் இப்போதே தெரிந்துவிட்டால் எழுதுவதற்கு என்ன ஆசை மிச்சம் இருக்கும்?

முதல் முளை, கதை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. கல்கியைச் சொன்னேன். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. அச்சேறிவிட்ட வாரத்தைத் திரும்பப் போய்த் திருத்த வழியில்லை. ஆனால் அவருடைய முளைகளைச் சரித்திரமே அடித்துக் கொடுத்திருந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டாக வேண்டும். அருள்மொழி அரியணையைச் சித்தப்பா முறையுள்ள உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் சேதி அது. கொலைப் பழி சுமந்தவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் காட்டுகிறது. ஏன் கொன்றார்கள், எப்படி என்பதற்குக் கல் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி படைத்த நந்தினி வந்து உட்கார்ந்துகொண்டாள். முடிவைப் பள்ளிப் பாடத்திலேயே படித்தவர்களும் அடுத்த வாரத்துக்குக் காத்துக் கிடந்தார்கள்.

இரண்டாவது, நாள். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். என் முதல் நாவலில் ஒருத்தி சித்திரையில் முழுகாமல் இருந்து, மறு வைகாசியில் பிள்ளை பெற்றாள். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "யானையா?" என்று எழுதி அனுப்பினார். அன்றைக்கு ஒரு பழைய காலண்டரை வாங்கி மேஜைமேல் மாட்டினேன்.

நாளைச் சுவரிலேயே எழுதி வைத்தவரும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் நாவலாசிரியர் ஃபாக்னரின் வீடு இருக்கிறது. 1954இல் வெளிவந்த ‘எ ஃபேபிள்’ நாவலின் திட்டத்தை அவர் தன் எழுத்தறைச் சுவரிலேயே எழுதினார். தலைப்பாகக் கிழமைகள்: திங்கள், செவ்வாய், புதன். அதனதன் கீழே அன்று நடப்பது. வீடு இப்போது அருங்காட்சியகம். அந்தக் கையெழுத்து இன்னும் சுவரில் இருக்கிறது. அந்த நாவல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சுவர் பிடிக்கும்.

மூன்றாவது, யார் சொல்கிறார்கள் என்பது. தஸ்தயேவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைக் கொலைகாரனின் சொந்த வாக்குமூலமாகத்தான் எழுத ஆரம்பித்தார். 1865 கடைசியில், நிறைய எழுதியான பிறகு, அதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அதே கோடாலி, அதே கிழவி. சொல்கிற குரல் வேறு. ஜுரத்தில் பிதற்றுகிற ஒருவன் தன் பிதற்றலைத் தானே எவ்வளவுதான் சொல்ல முடியும்? எரிப்பதற்கு மனசு வராவிட்டால், முதல் காட்சியை மட்டும் இரண்டு பேர் வாயில் சொல்லவிட்டுப் பார்க்கலாம். நாலு பக்கத்தில் தெரிந்துவிடும்.

தம்பிக்கு முழுசாக ஒப்பவில்லை. "சரிண்ணே, இந்த நாள் கணக்கை வெச்சு என்ன கதை வந்துடப் போகுது?" என்றான்.

"உன் கதையில அப்பா எப்ப சாகறார்?"

"பதினோராம் அத்தியாயத்துல."

"மாசம் கேட்டேன்."

கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். "ஐப்பசின்னு வெச்சுக்கலாம்."

"மழை?"

"இருக்கும். எங்க ஊர்ல சுடுகாட்டுப் பாதை வாய்க்காலைத் தாண்டிப் போகணும்... விறகு நனைஞ்சிருக்கும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "ரோடு முழுகினா சென்னையிலேருந்து பஸ் வராதுண்ணே. பெரியவன் வந்து சேர மாட்டான். அப்ப கொள்ளி..."

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினான். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.