12(3)-ஆ, 18(1)-ஆ? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய எண்

மார்ச் 31 நெருங்குகிறது. மூன்றாண்டுச் சம்பள ஒப்பந்தம் அன்றோடு முடியும் ஆலைகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான். "எச்.ஆர். அறைக்கு ஒவ்வொருத்தராகக் கூப்பிடுகிறார்கள். போட்டால் அரியர்ஸ் உடனே ஏறிவிடும் என்கிறார்கள். சங்கத்தில் போடாதே என்கிறார்கள். என்ன செய்வது?" ஒரகடத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் பெயர் வேண்டாம் என்ற குறிப்பு.

போடு, போடாதே என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆனால் தாளின் தலைப்பில் எந்தப் பிரிவு எண் இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல முடியும். எத்தனை ஆயிரம் உயர்வு என்பதைப் படிக்காமல் யாரும் விடப் போவதில்லை. அந்த ஒப்பந்தம் யாரையெல்லாம் கட்டுப்படுத்தும் என்பதைத்தான் பலரும் படிப்பதில்லை.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் ஒப்பந்தம் இரண்டு வகை. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போட்டால் 12(3). நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொண்டால் 18(1). அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று போய், தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எண்கள் மாறின, பாகுபாடு மாறவில்லை. கேட்டில் நிற்பவர்கள் இன்னும் பழைய எண்களையே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

18(1) கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நிர்வாகங்கள் அதை எப்படிப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன என்பதுதான் விஷயம். 'தொழிலாளர் தரப்பு' சங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனி ஆளாகவும் இருக்கலாம். ஆகவே சங்கத்தோடு பேச்சுவார்த்தை முறிந்த மறுநாள் எச்.ஆர். மேசையில் ஒரு கட்டுத் தாள் வந்துவிடும். அதே உயர்வு, அதே நிபந்தனை, ஆளுக்கு ஒரு பிரதி. போட்டவருக்கு அரியர்ஸ், போடாதவருக்குப் பழைய சம்பளம். பக்கத்து மெஷினில் நிற்பவரின் செல்போனில் வங்கிக் குறுஞ்செய்தி ஒலிக்கும்போது, வீட்டு வாடகை பாக்கி வைத்திருப்பவர் எத்தனை நாள் தாங்குவார்?

போடாதவரின் உரிமை போய்விடவில்லை என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அவருடைய கோரிக்கை தகராறாக உயிரோடு இருக்கும். ஆனால் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் 1976-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்துவிட்டது. ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக் கூடாது, மொத்தமாகப் பார்க்க வேண்டும். மிகப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது நியாயமாக இருக்கும் என்றே கருதலாம் என்பது அதன் சாரம். ஆக, தனித்தனியாக வாங்கிய கையெழுத்துகள் ஒன்றாகச் சேரும்போது போடாதவருக்கு எதிரான சாட்சியமாகிவிடுகின்றன. யாரையும் மிரட்டாமல், எந்தப் பிரிவையும் மீறாமல் ஒரு சங்கத்தைக் கரைக்கும் வழி இது. வடிவமைத்தவரின் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

அப்படியானால் 12(3) பாதுகாப்பா? அதன் பலமும் பயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அது ஆலையில் வேலை செய்கிற அத்தனை பேரையும், நாளை சேரப் போகிறவரையும் கட்டும். ஒரு சங்கம் சமரச அதிகாரி முன் கையெழுத்திட்டால் எதிர்ச் சங்கத்தின் உறுப்பினருக்கும் அது பொருந்தும் என்று 1960-லேயே ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கையெழுத்திட்ட சங்கத்துக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை வாக்கெடுப்பில் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் தமிழ்நாட்டில் இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் சங்க அங்கீகாரத்துக்கு 1971-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. நமக்கு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நேர்மையாகப் பேச மறுப்பது முறையற்ற செயல் என்று மத்தியச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. அங்கீகரிக்கவே சட்டம் இல்லாத மாநிலத்தில் அந்த வரி யாருக்கு உதவியது?

'சுமுகத் தீர்வு' என்று அரசு அறிவிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழும்: யாரோடு சுமுகம்? சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 7 அன்று தொழிலாளர் குழுவோடு உடன்பாடு ஏற்பட்டதாகவும், மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்றும் அறிவிப்பு வந்தது, அமைச்சர்களே முன்னின்று சொன்னார்கள். வெளியே பந்தலில் இருந்த சி.ஐ.டி.யு. சார்புச் சங்கம் அதை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் மேலும் ஒரு வாரம் நடந்து அக்டோபர் 15 அன்றுதான் முடிந்தது. அந்தச் சங்கத்துக்குப் பதிவெண் கிடைக்கவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பதிவு என்பது வெறும் நடைமுறை என்று அதிகாரிகள் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

புதிய தொகுப்பு இதையெல்லாம் சரிசெய்துவிட்டதாக டெல்லி சொல்கிறது. மஸ்டர் ரோலில் இருப்பவர்களில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. அங்கீகாரம் சட்டத்தில் ஏறியது நல்லதே. ஆனால் மஸ்டர் ரோலை எழுதுவது நிர்வாகம். காலவரையறைப் பணியாளரின் பெயர் அதில் இருக்கும். அவருடைய அடுத்த ஆர்டரும் அதே நிர்வாகத்தின் கையில்தான். அவரை நம்பித்தான் 51-ஐ எட்ட வேண்டும். வருடக்கணக்கில் அதே லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியோ ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பார், கணக்கிலேயே வரமாட்டார். ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத் தொகுப்பு விதிகளுக்குத் தள்ளிவிட்டது. பேச்சுவார்த்தைச் சங்கம் இருக்கும் ஆலையில் தனி ஆள் கையெழுத்து செல்லாது என்று நேரடியாக ஒரு வரியும் அதில் இல்லை. எச்.ஆர். மேசை அங்கேயேதான் கிடக்கிறது.

மற்றக் கேள்விகள்:

ஏப்ரல் 1 முதல் பழைய படிகள் நின்றுவிடுமா? நிற்காது, முறித்துக்கொள்வதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அறுபது நாள் ஆகும்வரை பழைய ஒப்பந்தமே தொடரும்.

கையெழுத்துப் போடாததற்காக வேலையை விட்டு எடுக்கலாமா? அதை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. வேறு காரணம் தேடுவார்கள், பஞ்ச் நேரத்தில் கவனமாக இருங்கள்.

எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் கேஷுவல் லீவ் போடலாமா? பாதிப் பேர் போட்டாலே இப்போது அது வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் நோட்டீஸ் வேண்டும்.

வெளியாள் தலைவராக இருக்கலாமா? இருக்கலாம், நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இரண்டில் எது குறைவோ அதுவரை.

சஸ்பெண்ட் ஆனவர்களின் குடும்பத்துக்குச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமா? தாராளமாக, தகராறால் உறுப்பினருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டுவதை 1926-ஆம் ஆண்டுச் சட்டமே பொது நிதியின் செலவுகளில் ஒன்றாகச் சொன்னது, ரசீதுப் புத்தகம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

படிக்க நேரம் தராமல் கையெழுத்துக் கேட்டால்? பிரதி கேளுங்கள், தர மறுத்தால், மறுத்த தேதியையும் நேரத்தையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.