மன்றோவின் நிலவரித் திட்டம்: உரிமையும் சுமையும்

புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஹடப்சர். 1802 அக்டோபர் 25 அன்று இங்கு நிகழ்ந்த போரில், பேஷ்வா, சிந்தியா ஆகியோரின் கூட்டுப் படையை யஷ்வந்த்ராவ் ஹோல்கர் முறியடித்தார். புனேயை விட்டு வெளியேறிய இரண்டாம் பாஜிராவ், அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று வசாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஆங்கிலேயரின் பாதுகாப்பை ஏற்றார். 1818-இல் பேஷ்வா ஆட்சியே முடிவுற்றது. கம்பெனியின் வசமான அந்நிலங்களில் வரி வசூலிக்கும் முறைக்குச் சென்னை மாகாணத்து ரயத்துவாரி வழிகாட்டியாயிற்று. அதனை நிலைநிறுத்தியவர், படை அதிகாரியாக இருந்து 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக விளங்கிய சர் தாமஸ் மன்றோ ஆவார்.

பாரமகாலில் தொடக்கம்

1780-இல் சென்னைக்கு வந்த மன்றோ, 1792 முதல் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளை உள்ளடக்கிய பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரிப் பணியில் ஈடுபட்டார். ஜமீன்தாரை இடையில் நிறுத்தாமல், நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உழவருக்கு நேரடியாகப் பட்டா வழங்குவதே அங்கு உருவான முறை.

இரு மதிப்பீடுகள்

வரிச்சுமையை மன்றோ அறியாதவரல்லர். இராயலசீமைப் பகுதியில் விதிக்கப்பட்ட வரியில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென 1807-இல் பரிந்துரைத்தார். அன்று ஏற்கப்படாத அப்பரிந்துரையைத் தாமே கவர்னரானபின் நிறைவேற்றினார். உயர் பதவிகளில் இந்தியரை அமர்த்த வேண்டுமென 1824-ஆம் ஆண்டுக் குறிப்பில் வலியுறுத்தினார். இராயலசீமை மக்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியதில் வியப்பில்லை.

ஆயினும், ஜமீன்தார் நின்ற இடத்தில் அரசே பெரும் நிலக்கிழாராக நின்றது என்பது மறுதரப்பின் வாதம். விளைச்சல் பொய்த்தாலும் ரொக்க வரி காத்திருந்தது. தள்ளுபடி அதிகாரிகளின் கருணையைப் பொறுத்ததாயிற்று. வரி வசூலுக்காக உழவர்கள் துன்புறுத்தப்பட்டதை 1855-ஆம் ஆண்டு விசாரணைக் குழுவே உறுதி செய்தது.

தக்காணத்தின் அனுபவம்

ஹடப்சர் வழியாகச் செல்லும் அதே சாலையில் உள்ள இந்தாப்பூர், இம்முறையின் சோதனைக் களமாயிற்று. பிரிங்கிள் என்ற அதிகாரி நிகர விளைவில் 55 சதவீதத்தை வரியாக நிர்ணயித்தார். தாங்க இயலாத உழவர்கள் பலர் நிலத்தைக் கைவிட்டனர். 1836-இல் கோல்ட்ஸ்மிட், விங்கேட் ஆகியோர் வரியைக் குறைத்து, 30 ஆண்டுகளுக்கு மாற்றமின்றி நிலைப்படுத்தினர்.

ஆனால் விற்கவும் அடகு வைக்கவும் உரிமையுள்ள நிலம், கடன் கொடுப்போருக்கு நல்ல ஈடாகவும் அமைந்தது. வரி கட்டக் கடன் பெற்றவர் நிலத்தை இழந்தார். 1875 மே மாதத்தில் புனே மாவட்டத்துச் சூபாவில் உழவர்கள் திரண்டு கடன் பத்திரங்களை எரித்தனர். 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது.

இன்றைய படிப்பினை

விடுதலைக்குப் பின் நில உச்சவரம்பு, குத்தகைச் சீர்திருத்தம் போன்ற பணிகளுக்கு நில அளவைப் பதிவேடுகளே அடிப்படையாயின. அவ்வகையில் மன்றோவின் பங்கு மறுக்க இயலாதது. எனினும், நியாயமான கடனும் பாசனமும் இல்லையேல், பட்டா உழவரின் கையில் நிலைப்பதில்லை என்பதை இந்தாப்பூரும் சூபாவும் உணர்த்துகின்றன. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமீது அமர்ந்துள்ள மன்றோவின் சிலையை மதிப்பிடுவோர், இவ்விரு கணக்குகளையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.