ஏலத்தில் தோற்றவர் வைக்கும் விலை

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தில், மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைய கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய். வீரர்களுக்காக ஓர் அணி மொத்தமே 50 லட்சம் டாலர்தான் செலவழிக்கலாம் என்பது விதி. அதில் பத்துக்கு மூன்று பங்கு ஒரே ஆளுக்குப் போயிற்று. பாண்டியில், எங்கள் கதிர்காமத்தில், ஒவ்வொரு ஏலத்தின்போதும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: “இவருக்கு இவ்வளவா?” சென்னையின் சேப்பாக்கம் மைதானம் இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஆனாலும் சென்னை அணி எங்கள் அணி. அதன் பணம் வீணானால் எங்களுக்கு வலிக்கும்.

‘இவருக்கு இவ்வளவா’ என்ற அந்தக் கேள்விக்குப் பின்னால் நோபல் பரிசுகளைப் பெற்ற ஓர் அறிவியலே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். தோனிக்கு 15 லட்சம் டாலர் என்று விலை வைத்தது யார்?

சென்னை அல்ல. அந்த ஏலத்தில் சச்சின், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஆகியோர் ‘ஐகான்’ வீரர்களாக அவரவர் ஊர் அணிக்கு நேரடியாக ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அணியில் அதிக விலை போகும் வீரரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சென்னைக்கு ஐகான் இல்லை. தோனிக்காகக் கடைசிவரை துரத்தி வந்த மும்பைக்குச் சச்சின் இருந்தார். தோனியை 15 லட்சத்துக்கு எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர வேண்டும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போய்விடும். மும்பை நின்றது. அது நின்ற இடம்தான் தோனியின் விலை. அன்று மும்பை எடுத்தவர்களில் விலை கூடியவர் ஜெயசூர்யா, 9.75 லட்சம் டாலர். சச்சினுக்குக் கிடைத்தது சரியாக அதைவிட 15 சதவீதம் கூடுதல்: 11,21,250 டாலர்.

கூவிக் கூவி விலை ஏற்றும் ஏலத்தின் இந்தக் குணத்தை 1961இல் கணிதமாக எழுதிக் காட்டியவர் வில்லியம் விக்ரி. பொருள் யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் போகும். ஆனால் விலை, அவருக்கு அடுத்தபடியாக ஆசைப்பட்டு விலகியவரின் எல்லையில் நிற்கும் என்றார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் காலமானார். ஆகவே தோனிக்காகச் சென்னை மனதில் எவ்வளவு வைத்திருந்தது என்பதை 15 லட்சம் என்ற எண் காட்டுவதில்லை. மும்பையின் மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

இதற்கு நேரெதிரான ஏலமும் ஐபிஎல்லில் நடந்திருக்கிறது. 2012இல் அணிக்கு 20 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. ரவீந்திர ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அந்த 20 லட்சத்தையும் முழுதாகக் கூவிவிட்டன. பிறகு இரண்டு அணிகளும் மூடிய உறையில் ஒரு கூடுதல் தொகையை எழுதிக் கொடுத்தன. அதிகம் எழுதியது சென்னை. அந்தக் கூடுதல் வீரருக்குச் சேராது, கிரிக்கெட் வாரியத்துக்குப் போகும். தொகை இன்றுவரை வெளியாகவில்லை. கூவும் ஏலத்தில் எதிராளி விலகியதும் நிறுத்தலாம். உறைக்குள் எழுதும்போது எதிராளியின் மனம் தெரியாது, எழுதியதை அப்படியே கட்ட வேண்டும். விதி மாறினால் அதே வீரரின் விலையும் மாறிவிடுகிறது.

விக்ரியின் கணக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டே தொடங்குகிறது: பொருள் தனக்கு எவ்வளவு பெறும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் ஊர் ஏலச்சீட்டு அப்படிப்பட்டது. ஒரு லட்சம் சீட்டு என்றால் அது ஒரு லட்சம் என்று எல்லாருக்கும் தெரியும். மகள் கல்யாணம் வைத்திருப்பவர் அதிகம் தள்ளி எடுப்பார், அவசரமில்லாதவர் காத்திருப்பார். ஒவ்வொருவர் தேவையும் அவரவருக்குத் தெரிந்தது. ஆட்டக்காரர் விஷயம் வேறு. அடுத்த ஏப்ரலில் அவர் எத்தனை ரன் எடுப்பார், முழங்கால் தாங்குமா என்பது எந்த அணிக்கும் தெரியாது. எல்லாரும் கணிக்கத்தான் முடியும். இங்கேதான் விபரீதம் ஆரம்பிக்கிறது.

அதை முதலில் எழுதி வெளியிட்டவர்கள் பொருளாதாரப் பேராசிரியர்கள் அல்லர், எண்ணெய்ப் பொறியாளர்கள். அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் கேப்பன், கிளாப், கேம்பெல் மூவரும் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி. பதில் எளிது. கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று ஆளுக்கொரு மதிப்பீடு போடுகிறார்கள்; ஏலத்தை வெல்பவர் எல்லாரையும்விட மிகையாக மதிப்பிட்டவர். ஏலம் நேர்மையாக நடந்தாலே போதும், வென்றவர் தலையில் நஷ்டம் விழும். இதை ‘வெற்றியாளரின் சாபம்’ என்கிறார்கள்.

1983இல் பேஸர்மன், சாமுவேல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நாணயங்களும் பிற பொருள்களும் நிறைந்த ஜாடிகளை மாணவர்கள் முன் ஏலத்துக்கு வைத்தார்கள். ஒவ்வொரு ஜாடியும் 8 டாலர் பெறும். அது மாணவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கணிப்பின் சராசரி 5.13 டாலர், அதாவது கூட்டமாகப் பார்த்தால் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆனால் வென்ற ஏலக் கேள்விகளின் சராசரி 10.01 டாலர். கூட்டம் குறைவாக நினைத்தபோதும் வென்றவர் நஷ்டப்பட்டார்!

இதை ஐபிஎல் மேசைக்குக் கொண்டுவருவோம். ஒரு வீரர் உண்மையில் 8 கோடி பெறுவார் என்று வைத்துக்கொள்வோம். பத்து அணிகளும் பாரபட்சம் இல்லாமல், ஆனால் ஏறத்தாழ 2 கோடி முன்னும் பின்னுமாகச் சிதறிக் கணிக்கின்றன. புள்ளியியல்படி பத்துக் கணிப்புகளில் உச்சமானது சராசரியாக 11 கோடியைத் தொடும், அதற்கு அடுத்தது 10 கோடி. விலையை இரண்டாமவர்தான் நிறுத்துகிறார் என்றாலும், சுத்தியல் விழுவது 10 கோடியில். 2 கோடி மிகை. யாரும் முட்டாளாக இல்லாமலே இது நடக்கிறது. ஐந்து அணிகள் மட்டும் கேட்டிருந்தால் அதே வீரர் சுமார் 9 கோடிக்குப் போயிருப்பார். போட்டி கூடக்கூடக் கையை இன்னும் சீக்கிரம் இறக்க வேண்டும் என்பதுதான் எண்ணெய்ப் பொறியாளர்கள் சொன்ன பாடம். கேள்வி சூடு பிடிக்கும்போது மனித மனம் செய்வது இதற்கு எதிர். தன் மதிப்பீட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்பவர் பிழைப்பார் என்று இதைக் கோட்பாடாக வளர்த்த ராபர்ட் வில்சனும் அவர் மாணவர் பால் மில்க்ரமும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சென்னை அணியின் வரலாற்றை இந்தக் கண்ணால் பார்த்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை. 2018இல் ஐபிஎல்லிலிருந்து விலக்கிவைத்த தடைக்காலம் முடிந்து திரும்பியபோது, முப்பது தாண்டியவர்களின் அணி என்று ஊரே சொன்னது. அம்பத்தி ராயுடு 2.2 கோடி, ஷேன் வாட்சன் 4 கோடி, தீபக் சாஹர் 80 லட்சம். ராயுடு அந்த ஆண்டு 602 ரன் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்னும் எடுக்காத வாட்சன், ஆட்டமிழக்காமல் 117 அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். ராயுடு, வாட்சன் வயதைக் கண்டு மற்ற அணிகள் தயங்கின, அதனால் விலை அதிகம் ஏறவில்லை. கூட்டம் போட்டி போடாத இடத்தில் சாபமும் இல்லை.

2022 ஏலத்தில் அதே சாஹரைத் திரும்ப எடுக்க அணி 14 கோடி கொடுத்தது. காயத்தால் அந்த ஆண்டு அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அணி ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. காயம் யார் குற்றமும் அல்ல. ஆனால் உச்ச விலை கொடுக்கும்போது துரதிர்ஷ்டத்துக்கு என்று மிச்சம் வைக்க இடமே இருப்பதில்லை. அடுத்த ஆண்டு பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடிக்கு வந்தார், இரண்டு ஆட்டம்தான் ஆடினார். அதே ஏலத்தில் வேறு எவரும் கேட்காததால் அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வந்தவர் அஜிங்க்ய ரஹானே. 172 ஸ்ட்ரைக் ரேட்டில் 326 ரன் எடுத்தார், சென்னை ஐந்தாம் கோப்பையை வென்றது. பெருவிலை எப்போதுமே தோற்கும் என்பதும் இல்லை. 24.75 கோடிக்குப் போன மிட்செல் ஸ்டார்க் 2024 இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவுக்காக ஆட்ட நாயகன் ஆனார். ஆனால் பல ஏலங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கணக்கின் கை ஓங்கும்.

செலவுக்கு உச்சவரம்பு உள்ள ஆட்டத்தில் இந்தக் கை இன்னும் வலுக்கும். அமெரிக்கக் கால்பந்தில் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையை கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்தார்கள். முதலில் எடுக்கப்படும் நட்சத்திரத்தைவிட, இரண்டாம் சுற்றில் கிடைப்பவர்தான் கொடுத்த சம்பளத்துக்கு மேல் அதிகம் ஈட்டித் தருகிறார் என்று கண்டார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில், முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பார் என்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாரும் சாபத்துக்கு ஆளாக வேண்டியதுதானா? விதிவிலக்கு ஒன்று உண்டு, என் மனம் துள்ளுவது அங்கேதான். 1988இல் கென்னத் ஹெண்ட்ரிக்ஸ், ராபர்ட் போர்ட்டர் இருவரும் அதே வளைகுடா ஏலங்களை மீண்டும் அலசினார்கள். ஏலத்துக்கு வந்த கடற்பகுதிக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே கிணறு வைத்திருந்த நிறுவனங்களைத் தனியாகப் பிரித்தார்கள். வெளியிலிருந்து வந்து கேட்டவர்களுக்குச் சராசரி லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் நல்ல லாபம் பார்த்தார்கள். மண்ணின் குணம் அவர்களுக்குத் தெரியும்.

“நம்ம பசங்களை எடுங்கப்பா” என்று ஒவ்வொரு ஏலத்துக்கும் நாங்கள் சொல்வதை ஊர்ப்பாசம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஹெண்ட்ரிக்ஸ், போர்ட்டர் கணக்குப்படி அது நல்ல முதலீட்டு யோசனை. சென்னை அணியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், சென்னை லீக்கில் பல அணிகளை நடத்திவந்த நிறுவனம். பக்கத்துக் கிணற்றுக்காரர் என்றால் அவர்கள்தான். அதன் பலனை 2011 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கமே பார்த்தது. முரளி விஜய் 95 அடித்தார், முதல் ஓவரிலேயே கெயிலை ரன் எடுக்கவிடாமல் அஸ்வின் வெளியேற்றினார். இருவரும் சென்னை லீக்கில் வளர்ந்தவர்கள்.

பிறகு கிணறு நம்முடையதாக இருக்க, நீர் வேறு ஊருக்குப் போயிற்று. சென்னையில் பிறந்த சாய் சுதர்சனை 2022இல் குஜராத் அணி அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே எடுத்தது. அதாவது வேறு எந்த அணியும், சென்னையும்கூட, கை தூக்கவில்லை. அடுத்த ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம், ஐபிஎல் சம்பளத்தைவிட அதிகம்! உள்ளூர்ச் சந்தைக்கு உண்மை தெரிந்திருந்தது. அதே 2023 இறுதி ஆட்டத்தில் அவர் சென்னைக்கு எதிராக 96 அடித்தார்; 2025இல் 759 ரன்னுடன், அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பியை வென்றார்.

வருண் சக்கரவர்த்தியின் கதை இன்னும் தெளிவு. டிஎன்பிஎல்லில் மதுரைக்காக அசத்தியதும் பஞ்சாப் 8.4 கோடி கொடுத்தது. காயம்பட்டு ஓர் ஆட்டம்தான் ஆடினார், விடுவித்துவிட்டார்கள். ஓராண்டில் அதே ஆள் 4 கோடிக்குக் கொல்கத்தா போய், 2024 கோப்பைக்கு 21 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஒரு பருவத்தின் புகழை வைத்து வாங்குவதற்கும் ஆளை அறிந்து வாங்குவதற்கும் எவ்வளவு தூரம் என்று இந்த இரண்டு விலைகளும் சொல்கின்றன.

2025 டிசம்பர் ஏலத்தில், அதுவரை இந்தியாவுக்கு ஆடாத இரு இளைஞர்களான பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோருக்குச் சென்னை தலா 14.2 கோடி கொடுத்தது. ஒருவர் உத்தரப் பிரதேசம், மற்றவர் ராஜஸ்தான். இருவரும் கொடிகட்டிப் பறக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அது வெளியிலிருந்து வந்து கேட்பவரின் ஏலம். பத்து அணிகளும் பார்க்கக்கூடிய அதே ஆட்டங்களை வைத்துக் கேட்ட விலை.

பாண்டிக்கென்று ஓர் அணியும் இருக்கிறது. 2018இல் வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்து, அந்தப் பருவத்திலேயே ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கினோம். ரஞ்சியில் ஏலம் கிடையாது. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நாள் ஒன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை, எல்லா மாநிலத்துக்கும் ஒரே ஊதியம் என 2021இல் வாரியம் நிர்ணயித்தது. ஐபிஎல் போல விலை கூவி யாரையும் பிடிக்க முடியாது. வெளிமாநில வீரர்களையும் அளவோடுதான் சேர்க்கலாம். ஆகவே யாரைச் சேர்ப்பது என்ற பார்வைதான் இங்கே மூலதனம். 2024 ஜனவரியில் டெல்லியை அதன் சொந்த மைதானத்தில் ஒன்பது விக்கெட்டில் வீழ்த்தினோம். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். சரியான விருந்தாளியைத் தேர்ந்தெடுத்த கண்ணுக்கு என் வணக்கம். அதே கண் எங்கள் துத்திப்பட்டு மைதானத்தில் பந்து வீசும் வில்லியனூர்ப் பையன் மீதும் காரைக்கால் பையன் மீதும் படிய வேண்டும்.

ஏலம் என்பது தகவலுக்கான போட்டி. எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திரத்தின் விலையில் எல்லாருடைய மிகை மதிப்பீடும் ஏறியிருக்கும். நமக்கு மட்டும் தெரிந்தவரின் விலையில் அது ஏறாது. டிவியில் வராத லீக் ஆட்டம், பள்ளி நாளிலேயே பட்ட காயம், தோற்ற மறுநாள் வலைப்பயிற்சிக்கு முதலில் வருபவர் யார் என்பது, இவையெல்லாம் சென்னையிலும் பாண்டியிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தகவல். மும்பைக்கும் லக்னோவுக்கும் எளிதில் கிடைக்காதது. 14 கோடிக்குக் கை தூக்கும் அணி, அதில் மிகச் சிறு பங்கைச் செலவழித்தால் ஒரு பருவம் முழுக்கத் துத்திப்பட்டில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லலாம். எங்கள் அணியிடம் நாங்கள் கேட்பது இதைத்தான்.