நரம்புக் கலத்தின் வாயிலும் அதனை அடைக்கும் மருந்துகளும்

ஜப்பானிய இரசாயன அறிஞர் இக்கேடா கிக்குனாயே 1908ஆம் ஆண்டிற் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமெனக் கண்ட குளுத்தாமிக்கமிலமே நம் மூளையின் கலங்களைக் கிளர்ச்சியுறச் செய்யும் தலையாய பொருளாகும். ஒரு நரம்பின் நுனியிற் சுரந்து, அடுத்த கலத்திலுள்ள வாங்கியில் அது பொருந்துகின்றது. முண்ணாண் கலங்களை அது கிளர்ச்சியுறச் செய்வதைக் கன்பராவிற் கேட்டிஸ், பிலிஸ், வாற்கின்ஸ் என்போர் 1959இல் அறிவித்தனர். எனினும், உடலெங்கும் மலிந்த எளிய பொருளொன்று செய்தி காவும் தூதாகுமோவென அவர்களே ஐயுற்றனர்!

இவ்வாங்கிகளுள் என்.எம்.டி.ஏ. வகை விசித்திரமானது. அதன் நடுவேயுள்ள வாயிலை மகனீசிய அயனொன்று தக்கைபோல அடைத்து நிற்கும். குளுத்தாமிக்கமிலம் வந்து பொருந்தினும், கலம் ஏற்கனவே ஓரளவு கிளர்ச்சியுற்றிருந்தாலன்றித் தக்கை விலகாது. விலகின் கல்சியம் உட்புகும். இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தமையைக் கலம் இவ்வாறு உணர்கின்றது. நாம் பள்ளியிற் பாடங்களை நெட்டுருப் பண்ணியதும் இவ்வாயில்களின் துணைகொண்டே போலும். ஆயினும், கல்சியம் மிகின் கலம் மடியும்.

1956இல் ஆக்கப்பட்ட பென்சைக்கிளிடீன் மயக்கமருந்தாகப் பயன்பட்டது. விழித்தெழுந்தோர் சித்தங்கலங்கியமையால் மனிதருக்கு வழங்குவது கைவிடப்பட்டது. அதன் இனமாகிய கெற்றமைனை 1962இற் கல்வின் ஸ்ரீவன்ஸ் ஆக்கினார். 1970இல் அமெரிக்கா அனுமதித்தது. நோயாளி கண்களைத் திறந்தவாறிருப்பார், நோவை அறியார். மூச்சையும் இரத்த அமுக்கத்தையும் அது பெரிதும் தளர்த்தாதாகையால், கருவிகள் குறைந்த சிற்றூர் வைத்தியசாலைகளிலும் போர்க்களங்களிலும் சத்திரசிகிச்சைக்கு உதவுகின்றது. அது மேற்கூறிய வாயிலையே அடைக்கின்றதென்பது 1980களிலேதான் விளங்கியது.

பாரிசவாதத்தில் இரத்தம் தடைப்பட்ட இடத்திற் குளுத்தாமிக்கமிலம் அளவிறந்து பெருகுகின்றது. இவ்வாங்கியைத் தடுத்தால் மூளை பிழைக்குமென நம்பினர். எலிகளிற் பயன் தந்த மருந்துகள் மனிதரிற் பொய்த்தன. செல்போட்டெல் என்னும் மருந்தின் பரிசோதனை, இறப்புக்கள் மிகலாமென்ற அச்சத்தால் இடையிலே நிறுத்தப்பட்டது. அடைப்பு நோயுற்ற பகுதியோடு நில்லாது, நல்ல கலங்களின் பேச்சையும் அடக்கிவிடுகின்றது. நோயாளி வைத்தியரை அடையுமுன்னரே கேடும் பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகின்றது.

வாயிலை இறுகப் பற்றாது விரைந்து விலகும் மெமன்ரீன், முற்றிய அல்சைமர் நோய்க்கென 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயன் சிறிதே, நோயை அது நிறுத்துவதில்லை. 2019இற் கெற்றமைனின் ஒரு வடிவம், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்கு மூக்கிற் தெளிக்கும் மருந்தாக அங்கே அனுமதிக்கப்பட்டது. அதனைத் தெளித்துக்கொண்டவர் இரண்டு மணிநேரமாவது வைத்திய மேற்பார்வையில் இருத்தல் வேண்டும். அன்று வாகனம் ஓட்டலாகாது.